புங்கூரணிக்கு வேறு பெயர்

ஜப்பான்காரர்கள் வீடியோ கேம் ஒன்றில் வரும் காட்டுக்கு ஆசையாய்க் ‘குசு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர்கள் மொழியில் அது கற்பூர மரமாம். அதைத் தமிழில் அப்படியே விட்டால், வாளும் கையுமாய் வருகிற வீரன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “இன்றிரவு குசுக் காட்டில்தான் தங்குவேன்” என்று முழங்குவான். அதற்குமேல் எந்தப் பிள்ளை விளையாடும்? சினேகா அதைக் கற்பூரக்காடு ஆக்கினாள். அலுவலகம் ஒரு வாரம் அதையே சொல்லிச் சிரித்தது.

அவளுடைய பிழைப்பு அது. ஜப்பானில் பிறந்து, ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து பெங்களூர்க் கம்பெனி ஒன்றின் வழியாகச் சிவகாசிக்கு வந்து சேரும் வீடியோ கேம்களுக்குத் தமிழ் எழுதவேண்டும். காலண்டர் அச்சடிக்கிற குடும்பத்தில் பிறந்த மகேஷ்குமார், அப்பாவின் அச்சகத்து மாடியில் நான்கு கம்ப்யூட்டர் போட்டு ஆரம்பித்த தொழில். கீழே மெஷின் ஓடினால் மாடியில் தண்ணீர் டம்ளர் நடுங்கும்.

ஊர்ப்பெயரை ஏன் மாற்றுகிறீர்கள் என்று கேட்பவர்களுக்குச் சினேகா பதில் வைத்திருந்தாள். சில பெயர் வாயில் நுழையாது. நுழைகிற பெயருக்கு நம்மூரில் வேறு அர்த்தம் இருந்து மானத்தை வாங்கும். எல்லாம் சரியாக இருந்தால், திரையில் பெயருக்கென்று விட்ட சின்னப் பெட்டிக்குள் அது அடங்காது.

புதிதாக வந்த ஆட்டத்தில் முதல் ஊரின் பெயர் ‘ஹனாபி’. ஹனா என்றால் பூ, பி என்றால் தீ. சேர்த்துச் சொன்னால் வாணவேடிக்கை. வாணம் செய்து பிழைக்கிற மலையடி ஊர் அது. கதாநாயகன் ஏதோ வேலையாய் ஊர் எல்லையில் இருக்கும் பாலத்தைத் தாண்டிப் போவான். போன நேரத்தில் ஊர் வெடித்து எரிந்துபோகும். திரும்பி வந்து சாம்பலைப் பார்த்துச் சபதம் போடுவான். மிச்சக் கதை பூராவும் அந்தச் சபதம்தான்.

மகேஷ்குமார் வாயெல்லாம் பல்லாக மாடிக்கு ஏறி வந்தார். “சினேகா, பெங்களூர்ல இருந்து பேசுனாக. ஹனாபின்னா ஒருத்தருக்கும் புரியாதாம். ‘சிவகாசி’ன்னு வச்சிருங்கன்னுட்டாக. நம்ம ஊருப் பேரும்மா! கேம்ல வரப்போவுது!”

 “அது வேணாம் சார்” என்றாள் சினேகா.

வேண்டாம் என்பதற்குக் காரணம் இருந்தது. அவளுடைய ஊர் சாத்தூருக்குக் கிழக்கே இருக்கும் புங்கூரணி. ஒரு கோயில், ஒரு ஊருணி, ஊருக்கு வெளியே ஒரு பட்டாசுக் கம்பெனி. இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தக் கம்பெனியில்தான் அவளுடைய அம்மா சோலையம்மாள் கருகினாள். அன்றைக்கு அவளுடைய அப்பா முத்துக்கருப்பன் ஊரில் இல்லை. லோடுமேன் அவர், பட்டாசு லோடு லாரியில் ஓசூருக்குப் போய்க்கொண்டிருந்தார். திண்டுக்கல் பக்கம் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தியபோது டிவியில் புகை தெரிந்தது. ‘சிவகாசியில் வெடிவிபத்து’ என்று கொட்டை எழுத்தில் ஓடியது. சாத்தூரில் வெடித்தாலும் சிவகாசிதான், வெம்பக்கோட்டையில் வெடித்தாலும் சிவகாசிதான்; பழி ஓரிடம் பாவம் ஓரிடம். வெளியூர்க்காரர்களுக்கு ஒரு பெயர் போதும், அதற்குமேல் மெனக்கெட யாருக்கும் நேரமில்லை.

முத்துக்கருப்பனும் அந்த எழுத்தை நம்பினார். சிவகாசியா, அப்போது நம்ம பக்கம் இல்லை. “எந்தக் குடி கெட்டுச்சோ” என்று உச்சுக்கொட்டிவிட்டு இன்னொரு டீ சொன்னார். அவருடைய போன் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது. அங்கேயே பஸ் ஏறியிருந்தால் பொழுது சாய்வதற்குள் சாத்தூர் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கலாம். சோலையம்மாள் பொழுது சாயும்வரை உயிரோடு இருந்தாள். “அவுக வந்துட்டாகளா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். “வந்துக்கிட்டே இருக்காகம்மா” என்று சினேகாவும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அதற்குப் பிறகு அவர் லாரி ஏறவில்லை. யாரிடம் பேசினாலும் பேச்சு சுற்றிச் சுற்றி அந்த டீக்கடைக்கே வந்து நிற்கும். “புங்கூரணின்னு ஒரு வார்த்த போட்டிருந்தாம்னா ஓடி வந்திருப்பேனே” என்பார். கேட்டுக் கேட்டு ஊர்க்காரர்களுக்கு அலுத்துவிட்டது.

இதெல்லாம் மகேஷ்குமாருக்கும் தெரியும். இருந்தாலும், “சிவகாசின்னா எல்லாத்துக்கும் தெரியும்மா” என்றார்.

“அதான் சார் வேணாங்கேன். எங்கன வெடிச்சாலும் சிவகாசிங்காக. செத்தவுக ஊருக்குன்னு ஒரு பேரு கெடையாதா?”

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. “சரி, பின்ன என்னதான் வைக்க?”

“புங்கூரணி.”

அவரே அவளுடைய கீபோர்டை இழுத்து அடித்துப் பார்த்தார். பெட்டிக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. “அது ஒங்க ஊருல்லா? எரியப்போற ஊரும்மா, யோசிச்சுக்க.”

“எரிஞ்ச ஊருதான சார்.”

மகேஷ்குமார் கீபோர்டை அவள் பக்கம் தள்ளி வைத்தார். “ஜப்பான் பேரு மாதிரியே இருக்குன்னு பெங்களூர்க்காரன்ட்ட சொல்லிக்கிடுதேன். அவனுக்கு என்ன தெரியப்போவுது” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

சினேகா அன்றைக்கு வெறிபிடித்தவள் மாதிரி எழுதினாள். ஊர்வாசலில் கிணற்றடியில் நிற்கும் ஒரு பெண், தொடும்போதெல்லாம் ‘நல்வரவு, வழிப்போக்கரே’ என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். சினேகா அதை அழித்துவிட்டு, ‘சாப்பிட்டீகளா? வெறும் வயித்தோட போகாதீக’ என்று எழுதினாள். அப்பா லோடு ஏறும் நாளெல்லாம் அம்மா வாசலில் நின்று சொல்லுவது அதுதான். எழுதி முடித்ததும் நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. அம்மாவின் ஊரை இனி ஒரு நாடே பெயர் சொல்லிக் கூப்பிடும் என்று நினைத்தாள்.

ஆட்டத்தின் சோதனைப் பிரதி வந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதை அப்பாவின் போனில் ஏற்றிக் கொடுத்தாள். “யப்பா, இங்க பாருங்க. என்ன போட்டிருக்கு?”

முத்துக்கருப்பன் போனைத் தள்ளிப் பிடித்து எழுத்துக் கூட்டினார். “புங்... கூ... ரணி.” நிமிர்ந்து மகளைப் பார்த்தார். “ஏ தாயி! நம்மூரா?”

“நம்மூருதான்ப்பா.”

அவர் முகம் அப்படி மலர்ந்து இரண்டு வருடமாகிவிட்டது. விரலை எப்படி வைப்பது என்று கற்றுக்கொண்டு ஊருக்குள் நடந்தார். கிணற்றடிப் பெண்ணைத் தொட்டார். அவள் சொன்னதை வாய்விட்டு வாசித்தார். வாசித்துவிட்டு மறுபடி தொட்டார், மறுபடி வாசித்தார். சினேகா அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

அவள் திரும்பி வருவதற்குள் அவர் பாலத்தைத் தாண்டியிருந்தார். போன் அதிர்ந்தது. திரை சிவந்து, பிறகு சாம்பல் நிறத்தில் அடங்கியது. ‘புங்கூரணி அழிந்தது’ என்ற எழுத்து வந்து நின்றது. அதையும் எழுதியவள் சினேகாதான். நூறு வரியில் ஒரு வரியாக எழுதிப் போட்டிருந்தாள். இப்போது அதை அப்பா எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“என்ன தாயி இது?” என்றார்.

“கதை அப்படிப்பா.”

“மறுக்க மொதல்ல இருந்து ஆரம்பிச்சா?”

“மறுக்கவும் எரியும்.”

“எம்புட்டுப் பேரு வெளையாடுவாக?”

“லட்சக்கணக்குல இருப்பாக.”

“அம்புட்டுப் பேரும் எரிப்பாகளா?”

 ஊர்ப் பெயர் நாலு பேர் வாயில் வரவேண்டும் என்று போராடி வாங்கி, நாள் தவறாமல் எரிவதற்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தன்மேலேயே ஆத்திரம் வந்தது. இவ்வளவு படித்து என்ன, இது தோன்றவில்லையே.

 முத்துக்கருப்பன் எரிந்த ஊரை விரலால் காட்டிக் கேட்டார். “அந்தப் பய வெளிய போனபெறவுதான எரியுது?”

“ஆமாப்பா.”

“போகாம இருந்தா?”

அவள் யோசித்தாள். ஆட்டத்தைச் செய்தவர்கள்கூட அப்படி யோசித்திருக்கமாட்டார்கள். “போகாம இருந்தா எரியாது. கதையும் நகராது. சும்மா ஊருக்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கணும்.”

அவர் தலையாட்டினார். முதலிலிருந்து ஆரம்பித்துத் தரச் சொல்லிப் போனை நீட்டினார்.

மறுநாள் காலையில் சினேகா முதல் வேலையாகப் பெயரை மாற்றினாள். புங்கூரணி வந்த இடமெல்லாம் ‘பூந்தீயூர்’ என்று போட்டாள். பூவும் தீயும், ஜப்பான்காரன் வைத்த அதே அர்த்தம். கிணற்றடிப் பெண்ணை மறுபடி ‘நல்வரவு, வழிப்போக்கரே’ என்றே சொல்லவிட்டாள்.

மகேஷ்குமாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. “ஏம்மா, மல்லுக்கட்டி வாங்குன பேராச்சே!”

“பெட்டிக்குள்ள அடங்கல சார்” என்றாள்.

“அன்னைக்கு நாந்தான அடிச்சுப் பாத்தேன்? அடங்குச்சே.”

“இல்ல சார், அடங்கல.”

அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு கேட்கவில்லை. புதுப்பெயர் பெங்களூருக்குப் போனது, அங்கே அவர்களுக்கும் பிடித்துவிட்டது. ஆட்டம் வெளிவந்து, பூந்தீயூர் நாடெங்கும் தினமும் எரிந்தது. ஊர்ப்பெயரை ஏன் மாற்றினீர்கள் என்று யாரும் அவளைக் கேட்கவில்லை.

அப்பாவின் போனில் இருந்த பழைய பிரதியில் மட்டும் அவள் கை வைக்கவில்லை. வேலை முடிந்து அவள் சாத்தூர் பஸ்ஸில் வந்து இறங்கும்போது, முத்துக்கருப்பன் வேப்பமரத்தடியில் போனும் கையுமாக உட்கார்ந்திருப்பார். வீரன் வாளை இடுப்பில் சொருகியபடி தெருத்தெருவாகச் சுற்றுவான். பாலத்துப் பக்கம் போகமாட்டான். கிணற்றடிக்கு வந்ததும் அவர் அந்தப் பெண்ணைத் தொடுவார். அவள் சாப்பிட்டீகளா என்று கேட்பாள்.

“இன்னும் இல்ல, சோலை” என்பார் அவர். “நான் எங்கிட்டும் போகல. இங்கனதான் இருக்கேன்.”