கடைசிக் குதிரை வந்து நிற்கும் முற்றம்

ஞாயிற்றுக்கிழமை சென்னைப் பந்தயத்தில் கடைசியாக வரப்போகும் குதிரை, முந்தின வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிகிற நேரத்துக்கு, புதுச்சேரி முல்லா வீதியில் மஹ்பூபா வீட்டு முற்றத்தில் வந்து நிற்கும். வாசல் வழியாக வந்ததை யாரும் பார்த்ததில்லை. அந்த வாசலில் ஒரு கட்டிலை உள்ளே கொண்டுவரவே நாலு பேர் சாய்த்துப் பிடிக்க வேண்டியிருந்தது, இதில் குதிரையாவது நுழைவதாவது! துணி உலர்த்திவிட்டுத் திரும்பினால் நிற்கும், அவ்வளவுதான். அதே குதிரை அதே நேரத்தில் சென்னை லாயத்திலும் நின்று கொள்ளு தின்றுகொண்டிருக்கும் என்பதைப் போன் போட்டு விசாரித்தாகிவிட்டது. ஞாயிறன்று அது எல்லோருக்கும் பின்னால் எல்லைக் கோட்டைத் தாண்டுகிற நொடியில் இங்கே முற்றம் காலியாகிவிடும். லத்தி மட்டும் மிஞ்சும். அதை அள்ளுவது மஹ்பூபா.

அவள் புருஷன் கமருஸ்ஸமானுக்கு அத்தர்க் கடை. பந்தயம் கட்டுவது ஹராம், பந்தயத்தைப் பற்றி யோசிப்பது ஹராம் இல்லை என்பது அவர் கட்சி. வெள்ளிக்கிழமை சாப்பாடு முடிந்ததும் இரண்டு சிநேகிதர்கள் வந்துவிடுவார்கள். ஒருவர், தவளக்குப்பத்து நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு டவுனில் வாட்ச்மேன் வேலை பார்க்கும் கோவிந்தசாமி. இன்னொருவர், அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்ததைப் பேச்சுக்குப் பேச்சு ஞாபகப்படுத்தும் மதிவாணன். எந்தக் குதிரை எவ்வளவு எடை சுமக்கிறது, எந்த வாசலிலிருந்து கிளம்புகிறது, காலை ஓட்டத்தில் எது மூச்சு வாங்கியது, மழை பெய்தால் எதன் கால் வழுக்கும் என்று மூவரும் ரேஸ் புத்தகத்தை விரித்துவைத்து அலசுவார்கள். முதன்முதலில் முற்றத்தில் குதிரை வந்து நின்றபோது அதை பரக்கத், வீடு தேடி வந்த அருள் என்று நினைத்து, ஜெயிக்கப்போவது அதுதான் என்று கோவிந்தசாமியும் மதிவாணனும் கட்டினார்கள், தோற்றார்கள். அடுத்த வாரமும் அப்படியே. பட்டால்தான் புத்தி வரும் என்பார்கள். பந்தயக்காரனுக்குப் பட்டாலும் வராது. ரொம்ப நாள் கழித்துத்தான் மதிவாணன் நெற்றியில் அடித்துக்கொண்டு, "அட, இது ஜெயிக்கிறது இல்லப்பா, தெர்னியே!" என்றார். பிரெஞ்சில் கடைசி ஆள் என்று அர்த்தம். அன்றிலிருந்து வந்த குதிரைக்கெல்லாம் அதுவே பேர். ஆனால் தோற்கப்போகிறவனைத் தெரிந்துகொண்டு என்ன செய்வது? அதை விட்டுவிட்டு மீதிக் குதிரைகளை அலசினார்கள், அதிலும் கோட்டைதான் விட்டார்கள். மஹ்பூபா மட்டும் பேக்கரியிலிருந்து வந்த நீட்டு ரொட்டியின் முனையை டீயில் நனைத்து அதன் வாயருகே நீட்டுவாள். "தோக்கத்தான் போவுது, பாவம். வயிறாவது நிறையட்டும்" என்பாள்.

இதையெல்லாம் அவள் சிரித்துக்கொண்டே செய்திருப்பாள், ஒரே மகன் அஸாருதீன் சென்னையில் ஜாக்கியாகப் போய்ச் சேராமல் இருந்திருந்தால். வாய்ப்பாட்டுக்கு முன்னால் குதிரைப் பேர்களைப் படித்த பிள்ளை, வேறெங்கே போகும்? புது ஜாக்கிக்கு யார் நல்ல குதிரை கொடுப்பார்கள்? நொண்டியும் சோம்பேறியும்தான் கிடைத்தன. அதனால் பாதி வாரங்களில் முற்றத்தில் வந்து நிற்பது அவன் ஓட்டப்போகிற குதிரையாகவே இருக்கும். சனிக்கிழமை போன் பண்ணி, "யாரும்மா வந்திருக்கா?" என்று கேட்பான். "என்னமோ கருப்பா நிக்குது, எனக்கு என்னா தெரியும்" என்று செவலையைப் பார்த்துக்கொண்டே பொய் சொல்லுவாள். அவனும் தெரிந்துகொண்டு சிரிப்பான். வீட்டுக்கு வந்தால் ஒரு கை சோற்றுக்கு மேல் தொடமாட்டான். "உன் பிரியாணிய சாப்ட்டா நான் குதிரை மேல ஏற முடியாது, குதிரைதான் எம்மேல ஏறணும்" என்பான். எலும்பும் தோலுமாக நிற்கிற பிள்ளைக்கு வயிறாரப் போட முடியவில்லையே என்று அவள் அடுப்படியில் அழுத நாட்கள் உண்டு.

அந்த வருஷத்துப் பெரிய பந்தயத்துக்கு, மூத்த ஜாக்கி காய்ச்சலில் படுத்ததால், கோரல் ராணி என்ற செவலைப் பெட்டையை ஓட்டும் வாய்ப்பு அஸாருதீனுக்குக் கிடைத்தது. எடை, தூரம், தரை எல்லாம் பொருந்தி வந்தது. எதிலும் ஒத்துப்போகாத மூன்று பேரும் முதல்முறையாக ஒரே குதிரையைச் சொன்னார்கள். கமருஸ்ஸமான் தெருவுக்கே அல்வா வாங்கிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை மஹ்பூபா துணி உலர்த்திவிட்டுத் திரும்பினாள். நெற்றியில் வெள்ளைச் சுட்டியோடு கோரல் ராணி நின்றிருந்தது. அதுவரை வந்த குதிரைகள் வெறும் முதுகோடுதான் வந்தன. இதன் முதுகில் சேணம் இருந்தது. இரண்டு பக்கமும் கால் நுழைக்கும் வளையம் வெறுமனே தொங்கியது. ரொட்டியை நீட்டினாள். வாங்கவில்லை.

குதிரையை வெளியே அனுப்பிவிட்டால் விதி மாறிவிடும் என்று மூவரும் தள்ளினார்கள். வாசலில் எப்படித்தான் நுழைந்ததோ, தெருவுக்கு வந்தது. கடற்கரை வரை இழுத்துக்கொண்டுபோய் விட்டுவிட்டு வேர்க்க விறுவிறுக்கத் திரும்பினால், அவர்களுக்கு முன்னால் முற்றத்தில் நின்றது. கமருஸ்ஸமான், கோரல் ராணியைப் பழக்கும் டிரெய்னருக்குப் போன் பண்ணினார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கடைசியா யாராவது ஒருத்தர் வரத்தானே பாய் வேணும்" என்று வைத்துவிட்டார். சனிக்கிழமை அஸாருதீன் வழக்கம்போல் கேட்டான்.

"யாரும்மா வந்திருக்கா?"

இந்தத் தடவை அவளுக்குப் பொய் வரவில்லை. "உன் குதிரைதான்டா. சேணத்தோட வந்திருக்கு. நீ இல்ல. வேணாம்டா, வந்துடு, பஸ் ஏறி வந்துடு."

"இத வுட்டா எனக்கு இன்னொரு குதிரை கிடைக்காதும்மா. நீ அதுக்குத் தண்ணி வை, தாகமா இருக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டான்.

ஆண்கள் மூவரும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்கள். அலசுவதற்கு ஒன்றுமில்லாத ரேஸ் புத்தகம் காற்றில் படபடத்தது. மஹ்பூபா தண்ணீர் வைத்தாள். தொழுது முடித்து வந்து, குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அதன் காதில், "எம்புள்ளைய மட்டும் எறக்கி வுட்டுடும்மா. அப்புறம் உனக்கு என்ன ஆனாலும் ஆவட்டும்" என்றாள். சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. ஆனாலும் வார்த்தையைத் திரும்ப வாங்கவில்லை.

ஞாயிறன்று ஒரு சின்ன போன் திரையில் மூன்று தலைகள் முட்டிக்கொண்டன. கடைசி வளைவில் கோரல் ராணிதான் முன்னால் வந்தது. அங்கே சட்டென்று வேகத்தைக் குறைத்து, ஓரமாக ஒதுங்கி, இடுப்புப் பிள்ளையை இறக்கிவிடுவதுபோல் அஸாருதீனைப் புல்லில் சரித்துவிட்டது. குதிரை மிரண்டுவிட்டது என்றுதான் மைதானத்தில் எல்லோரும் சொன்னார்கள். அதன்பின் ஆளில்லாமல் கொஞ்ச தூரம் ஓடியது, முன்னங்கால் ஒடிந்து விழுந்தது. சுற்றிலும் திரை கட்டி, ஊசி போட்டு அதன் மூச்சை நிறுத்தினார்கள். மற்ற குதிரைகளெல்லாம் கோட்டைத் தாண்டிவிட்டன. முற்றம் காலியாகவில்லை. "பந்தயத்த முடிச்சாதானே போவும்? அது முடிக்கலியே" என்றார் மதிவாணன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அப்படிச் சரிந்ததிலேயே இடுப்பெலும்பு முறிந்த அஸாருதீன் மாதக் கணக்கில் படுத்துக் கிடந்து, கைத்தடியோடு வீடு வந்தான். இனி குதிரை ஏற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வந்ததும் நேரே முற்றத்துக்குப் போய் வார்களை அவிழ்த்து, சேணத்தை இறக்கி வைத்தான். இப்போது பிரியாணி சாப்பிடுகிறான், மறுசோறும் கேட்கிறான். அவள் ஆசைப்பட்டதுதான். ஆசைப்பட்டது இப்படியா வந்து சேர வேண்டும்? குதிரையின் காதில் சொன்னதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தண்ணீர் வைப்பாள், லத்தி அள்ளுவாள், அதன் கண்ணை மட்டும் பார்க்கமாட்டாள். வெள்ளிக்கிழமை புதுக் குதிரை வந்தால் செவலை சுவரோரம் நகர்ந்து இடம் விடும். அந்தச் சனியன் பிடித்த ரேஸ் புத்தகமும் கொஞ்ச நாளில் திரும்ப விரிந்தது. அஸாருதீனும் பக்கத்தில் உட்கார்ந்து எந்தக் குதிரைக்கு எங்கே வலிக்கும் என்று சொல்லுவான்.

ஒரு வெள்ளிக்கிழமை, வந்த குதிரைக்குக் கொடுத்தது போக ரொட்டியின் மறு முனை கையில் மிஞ்சியது. மஹ்பூபா முகத்தைத் திருப்பிக்கொண்டு செவலையிடம் நீட்டினாள். உள்ளங்கையில் சூடாக மூச்சுப் பட்டது. அன்றைக்கு வாங்காதது இன்றைக்கு வாங்கிக்கொண்டது. அதற்குப் பிறகு பேக்கரிக்காரர் அவள் கேட்காமலே ரெண்டு ரொட்டி கூடக் கட்டிவைக்கிறார், ஒன்று தெர்னியேவுக்கு, ஒன்று வீட்டுக் குதிரைக்கு.