மடியில் கட்டிய போன்

பழனிக்குமார் மோட்டாருக்கு அந்தப் பேசும் பெட்டியை வாங்கி மாட்டியதிலிருந்து வீட்டில் ஆள் ஒன்று கூடிவிட்டதாகப் புவனேஸ்வரி கேலி செய்வாள். மும்முனை மின்சாரம் வந்ததும் பெட்டி முதலில் அவனுக்குப் போன் போடும். அவன் எடுக்காவிட்டால் அவன் மனைவியான அவளுக்குப் போடும். "மோட்டாரை இயக்க ஒன்றை அழுத்தவும், நிறுத்த இரண்டை அழுத்தவும்" என்று ஒரு பெண்குரல் சுத்தத் தமிழில் சொல்லும். அழுத்தினால் ரெட்டியார்சத்திரம் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில், தண்ணீருக்கு அடியில் கிடக்கும் மோட்டார் ஓடும்.

"உன்னைய விட மரியாதையாப் பேசுது" என்பான் பழனிக்குமார்.

"அப்ப அதையே சோறாக்கச் சொல்லுங்க" என்பாள் அவள்.

கேலி கேலியாக இருந்தாலும் பெட்டி வந்தபிறகு கரண்டுக்குக் காத்துக்கொண்டு மோட்டார் ரூமில் பழியாய்க் கிடக்க வேண்டியதில்லை. அதில் இருவருக்கும் நிம்மதிதான்.

சில நாட்களாகக் குழாயில் தண்ணீர் இளைத்து வந்தது. மோட்டாரின் சல்லடையில் பாசி அடைத்திருக்கிறது, நானே இறங்கி எடுத்துவிடுகிறேன் என்றான் அவன். கேபிளில் பழைய ஒட்டுப் போட்ட இடம் தண்ணீருக்குள் இருப்பதும், அதில் கரண்டு கசியலாம் என்பதும் அவளுக்குத் தெரியும். கிணற்று வேலைக்காரர்களைக் கூப்பிடாமல் இறங்கக் கூடாது என்று ஒரே பிடியாக நின்றாள். அவன் சரி என்றான். அவன் இவ்வளவு லேசில் சரி என்றபோதே அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் பறித்த கனகாம்பரத்தை எடுத்துக்கொண்டு திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குப் போனாள். பூவைக் கடையில் போட்டுவிட்டுக் காலிப் பையை மடித்துக்கொண்டிருக்கும்போது பெட்டி கூப்பிட்டது. கடைக்காரரிடம் பேசிக்கொண்டே ஒன்றை அழுத்தினாள். தினமும் செய்வதுதான், இதற்கெல்லாம் யார் யோசிப்பார்கள்?

மடையைத் திருப்பச் சொல்லிக் கணவனைக் கூப்பிட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக வந்தது. தோட்டத்தில் எங்கே நின்றாலும் டவர் கிடைக்குமே என்று நினைத்தபடி, பக்கத்துத் தோட்டத்துக் கண்ணுசாமிக்குப் போட்டாள்.

"அண்ணே, மோட்டார் போட்ருக்கேன். செத்த எங்க மடையைப் பாருங்களேன்."

"நான் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல இருக்கேன் தாயி. மோட்டார் போட்டியா? உம் புருசன் கிணத்துல எறங்கப் போறேன்னு காலையில எங்கிட்டக் கயிறு வாங்கிட்டுப் போனானே!"

 அவள் பேச்சைப் பாதியில் வெட்டிவிட்டுப் பெட்டியின் நம்பரைப் போட்டாள். பிஸி என்று வந்தது. மறுபடி போட்டாள், மறுபடியும் பிஸி. மோட்டார் ஓடத் தொடங்கிவிட்ட நல்ல சேதியைச் சொல்வதற்காக, அந்தப் பாழாய்ப்போன பெட்டி பழனிக்குமாரின் நம்பரையே விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அவள் கடைவாசலில் நின்று பெட்டியையும், அதைச் செய்தவனையும், வாங்கியவனையும் சேர்த்துத் திட்டினாள். கடைசியில் லைன் கிடைத்தது. இரண்டை அழுத்தினாள். மோட்டார் நிறுத்தப்பட்டது என்று பெண்குரல் அதே மரியாதையோடு சொன்னது.

ஆட்டோ பிடித்து உட்கார்ந்தாள். பாதி வழியில் கண்ணுசாமியின் பெயர் போனில் மின்னியது. எடுக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. எடுக்காத வரைக்கும் அவன் உயிரோடு இருக்கிறான். போன் அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. "எடுங்கம்மா, ஏதாச்சும் அவசரமா இருக்கப்போவுது" என்றார் ஆட்டோக்காரர். அவள் போனைப் பைக்குள் போட்டு அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கிணற்று மேட்டில், கண்ணுசாமி போனில் சொல்லி ஓடிவந்த அவர் மனைவி பேச்சாயி நின்றிருந்தாள்.

"இருக்காரு, இருக்காரு" என்று தூரத்திலேயே கத்தினாள். "போனை எடுக்க மாட்டியா நீ? ஒண்ணும் ஆகல. மேல வாங்கன்னா வரமாட்டேங்கிறாரு."

புவனேஸ்வரி முதலில் மோட்டார் ரூமுக்குள் போய் மெயின் சுவிட்சைக் கீழே இறக்கினாள். பிறகு கிணற்றுப் படியில் இறங்கினாள்.

தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே, ஈரக் கைலியோடு பழனிக்குமார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இடுப்பு மடியில் பாலித்தீன் பையில் சுற்றிய போன். அதைப் பார்த்ததுமே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முன்பு கிணற்றில் இறங்குகிறவர்கள் ஸ்டார்ட்டர் பெட்டியிலிருந்து பீஸ்கட்டைகளைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டுதான் இறங்குவார்கள். கட்டை தன் மடியில் இருக்கும்வரை எவனாலும் மோட்டாரைப் போட முடியாது. புதுப் பெட்டியில் பிடுங்கக் கட்டை இல்லை. அதனால் இந்த மகராசன் போனைக் கட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறான். அவளுடைய நம்பரையும் பெட்டியில் ஏற்றியவன் இவனேதான். சுவரில் மெயின் இருந்தது, அதன் நினைப்பே இவனுக்கு வரவில்லை.

அவள் ஒரு படி தள்ளி உட்கார்ந்தாள்.

"யாரு போட்டது?" என்றான்.

"நான்தான்."

"கால் மரத்துப் போச்சுன்னு அப்பத்தான் மேல ஏறி உக்காந்தேன். தண்ணி குபுகுபுன்னு கலங்குச்சு." சிரிக்கப் பார்த்தான். பல் தந்தியடித்தது. "நல்லவேளை நீ போட்ட. வேற எவனாச்சும் போட்ருந்தா வெட்டியிருப்பேன்."

"ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா விட்டிருக்க மாட்ட."

"மாட்டேன்தான்."

"அதான்."

அந்த 'அதான்' அவளுக்குப் பொறுக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவனை வாங்க போங்க என்றே பேசி வந்தவள் அவள்.

"நீ செத்தா செத்துப் போ, அது உன் பாடு" என்றாள். "எங் கையாலதான் சாகணுமா? ஊரு உனக்கு மாலையைப் போட்டுட்டுப் போயிரும். நான் இந்த விரலை வச்சுக்கிட்டுக் காலம்பூரா சோறு பிசைஞ்சு திங்கணுமா?"

 தனக்கு என்ன ஆகியிருக்கும் என்றுதான் அவன் இவ்வளவு நேரமும் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இவளுக்கு என்ன ஆகியிருக்கும் என்பது இப்போதுதான் உறைத்தது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு சத்தமில்லாமல் அழுதான்.

மேலிருந்து பேச்சாயி என்ன ஆச்சு என்று கேட்டாள். வாரோம் என்று புவனேஸ்வரி குரல் கொடுத்தாள். எழுந்திருக்க அவன் கையை நீட்டினான். அவள் தன் கையைக் கொடுக்கவில்லை. அவனாகவே சுவரைப் பிடித்து எழுந்து நின்றபின், அவனை முன்னால் ஏறச் சொல்லிவிட்டு, அவன் கைலியைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.