கார்ஸ் கேட்ட கோதுமை

எரெவான் விதை வங்கியில் கையிருப்பைக் கணக்கெடுக்கும் காகிக்கின் சொல்லே இறுதிச் சொல். காட்டுக் கோதுமை இருக்கிறது என்றால் அது நாடு கடக்கும். இல்லை என்றால், எந்த மன்றமும் வந்து சோதித்துப் பார்க்காது. அந்தச் சொல்லைத்தான் அன்று காலை தலைவி நாரினே கேட்டார்.

"துருக்கியில கார்ஸ்லேருந்து கேட்டிருக்காங்க. கோதுமையில துரு நோய் வந்து வயல் வயலா போச்சாம். துரு ஒட்டாத நம்ம காட்டுக் கோதுமையோட இனம் சேர்க்கணுமாம்."

"கார்ஸா?" காகிக் சிரித்தார். "எங்க கொள்ளுத் தாத்தாவை அங்கேருந்து விரட்டிட்டு வீட்டை எடுத்துக்கிட்டது பத்தலையாமா? விதையும் வேணுமாமா?"

"உணவுப் பயிர் விதையை யார் கேட்டாலும் கொடுக்கணும்னு உலக ஒப்பந்தம். அவங்களும் கையெழுத்துப் போட்டிருக்காங்க, நாமளும் போட்டிருக்கோம்."

"பூட்டுன எல்லையில எந்தக் கதவு வழியா அனுப்புவீங்க?"

"பக்கத்து நாடு ஜார்ஜியா வழியா சுத்தி. நீங்க கையிருப்பை மட்டும் சொல்லுங்க. எதைச் சொன்னாலும் எழுதிடுறேன். உங்க வீட்டுக் கதை எனக்குத் தெரியாதா?"

குளிரறையில் ஒரு பிடிக்கும் குறைவாகவே இருந்தது; அது வங்கியின் சேமிப்புக்கே போதாது. மீதி மலைச்சரிவில். காட்டுக் கோதுமை அறுப்பவனுக்காகக் காத்திருக்காது, முற்றியதும் உதிர்ந்துவிடும். ஆகவே கதிர்தோறும் முன்கூட்டியே துணிப்பை கட்டிவைப்பது அவர்கள் வழக்கம்.

பொய் சொல்லிப் பழகாதவர் காகிக். பொய்யை மெய்யாக்கவே அவர் மலையேறினார். பைகளை அவிழ்த்து உதறிவிட்டால், 'இல்லை' என்பது உண்மையாகிவிடும் அல்லவா?

முதல் பையை அவிழ்த்தார். உதறினார். மணிகள் காற்றில் சிதறின. அவை போன திசையில் அராஸ் ஆறு. அதற்கப்பால், வேற்று நாட்டில், வெண்முடி தரித்த அரராத் மலை. அங்கும் இதன் உறவுப் புல்தான் உதிர்ந்துகொண்டிருக்கிறது. ஆறு எல்லையாவதற்கு முன்னும், அரசு என்ற சொல் பிறப்பதற்கு முன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது. அந்த ஆதி நாளில் எவளோ ஒருத்தி உதிராத கதிர் ஒன்றைக் கண்டு கையில் எடுத்தாள்; உலகத்தின் ரொட்டி அத்தனையும் அந்தக் கையிலிருந்து பிறந்தது. அவள் எந்தக் கரைக்காரி? யாரால் சொல்ல முடியும்?

பின்னாளில், ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத நாடுகள் ஒரே மண்டபத்தில் அமர்ந்தன. பசிக்கு எல்லை இல்லை. ஆகவே விதைக்கும் எல்லை வேண்டாம் என்று ஒப்பந்தம் எழுதின. அந்தச் சட்டத்துக்குப் படை இல்லை, சிறை இல்லை, சாட்டை இல்லை. யாரும் பார்க்காத சரிவில் தனியே நிற்கும் ஒருவனின் நாக்கை நம்பி அது நிற்கிறது. இன்று அந்த நாக்கு தன்னுடையது என்று உணர்ந்தபோது, அடுத்த பையின் முடிச்சிலிருந்து காகிக் கையை எடுத்தார். அப்படியே தரையில் அமர்ந்துவிட்டார்.

நெடுநேரம் கழித்து எழுந்தார். மற்றப் பைகளை ஒரு மணியும் சிந்தாமல் கதிரோடு அறுத்து இறக்கிக்கொண்டு வந்தார்.

"என்ன எழுதட்டும்?" என்றார் நாரினே.

"இருக்குன்னு எழுதுங்க. ஒரு பை குறையும். காத்துல போயிடுச்சு."

"எந்தப் பக்கம்?"

"அவங்க பக்கம்தான்," என்றார் காகிக். "அவசரக்காரங்க. அனுப்புறதுக்குள்ள வாங்கிட்டாங்க."