சிவலட்சுமிக்கு வெட்டிய கேக்

1.

இந்தக் கதை அலுவலக நேரத்தில், அலுவலகக் கடதாசியில், அலுவலகப் பேனையால் எழுதப்பட்டது. முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பின்பக்கம் வெறுமையாகக் கிடந்த பழைய லீவுப் படிவங்கள்தான், புதிசைத் தொடவில்லை.

காலை பத்து மணிக்குக் கரண்ட் போனது. கணினியும் கண்ணை மூடிக்கொண்டது. எங்கள் மேலதிகாரி சேர் வவுனியாவில் கூட்டம். வெளியே அறுவடைக் காலம், சனம் முழுக்க வயலில். ஒரு கையெழுத்துக்குக்கூட ஆள் வரவில்லை. இப்படியொரு நாளில் ஒரு மனுசி என்னதான் செய்வாள்?

அந்த மனுசியின் பெயர் ராஜினி. அலுவலர்களின் சுயவிபரக் கோவைகள், அதாவது ஃபைல்கள், எல்லாம் அவளுடைய அலுமாரிக்குள்தான். ராஜினி நான் இல்லை. சந்தேகப்படாதீர்கள்.

2.

முதல் தொடக்கம்: “முள்ளியவளையின் காலை பொன்னிறமாக விரிந்து...” சீ! பத்து மணி வெயிலில் எங்கே பொன்? வெட்டினேன்.

இரண்டாவது: “ராஜினி குண்டூசிப் பெட்டியை மேசையில் கொட்டி, துருப்பிடித்தவற்றை ஒவ்வொன்றாக...” இது நடந்ததுதான். ஆனால் குண்டூசியைப் பற்றி ஒரு பக்கம் யார் வாசிக்கப்போகிறார்கள்?

மூன்றாவது: “சிவலட்சுமி அக்கா பொய்ப் பெயரில் வேலை பார்க்கிற—” இல்லை. இது கதையில்லை, மொட்டைக்கடிதம். [இந்தத் தாளைக் குப்பைக் கூடைக்குள் போடாமல் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். கூடையைக் கொட்டுவது சிவலட்சுமி அக்கா.]

சரி, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

3.

குண்டூசி முடிந்ததும் ராஜினி அலுமாரியைத் திறந்தாள். தூசி தட்டுவதென்று சாட்டு. உண்மையில் கோவைகளில் ஒட்டியிருக்கும் பழைய படங்களைப் பார்த்துச் சிரிக்கத்தான். பக்கத்து மேசை றிஸ்வான் இருபத்திரண்டு வயதில் நெற்றி தெரியாமல் மயிர் வளர்த்திருந்தார். இப்போது நெற்றி மட்டும்தான் இருக்கிறது.

“அல்லாஹ்வே! இதை ஒருத்தருக்கும் காட்டிப்போடாதேங்கோ” என்று அவர் பறித்து ஒளித்தார்.

அடுத்தது சிவலட்சுமி அக்காவின் கோவை. பதினொரு வருசமாக இந்த அலுவலகத்தில் தேத்தண்ணி போடுகிற, கடிதம் கொண்டுபோகிற, எங்களுக்குத் தலையிடி என்றால் ஓடிவந்து தைலம் பூசிவிடுகிற அக்கா. பிறந்த திகதியைப் பார்த்தாள். கலண்டரைப் பார்த்தாள்.

“றிஸ்வான், அக்காவுக்கு இண்டைக்குப் பிறந்தநாள்!”

“அடடா! இவ்வளவு காலமும் மூச்சு விடேல்லையே மனுசி.”

சும்மா கிடந்த அலுவலகத்துக்கு வேலை வந்துவிட்டது. றிஸ்வான் மோட்டார் சைக்கிளில் பக்கத்து ஊர் தண்ணீரூற்றுக்குப் பறந்து கேக்கோடு வந்தார். பச்சை ஐசிங்கில் ‘சிவலட்சுமி’. சின்ன மெழுகுதிரி கிடைக்கவில்லை. கரண்ட் போனால் கொளுத்துகிற பெரியதை நடுவில் குத்தியதில் கேக் ஒரு பக்கம் சரிந்தது.

அக்கா வந்தார். பெயரைப் பார்த்தபடி நின்றார். நாங்கள் பாடினோம். கத்தியை வாங்கி வெட்டி, ஒவ்வொருவருக்கும் ஊட்டினார். தன் வாயில் மட்டும் ஒரு துண்டும் வைக்கவில்லை.

(அடிக்குறிப்பு: எங்கள் பக்கத்தில் எத்தனையோ பேரின் பத்திரங்கள் இடம்பெயர்வில் தொலைந்து, முகாமில் அவசரம் அவசரமாகத் திரும்பப் பதியப்பட்டவை. கோவையைப் பார்த்து ஒருவருக்குப் பிறந்தநாள் கொண்டாடக் கூடாது. இது எனக்கு— ராஜினிக்கு நன்றாகத் தெரியும். அலுப்பில் மறந்துபோனாள்.)

4.

கோப்பைகளை எடுத்துக்கொண்டு ராஜினி பின்னால் குசினிக்குப் போனாள். அக்கா தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டபடி அழுதுகொண்டிருந்தார்.

“என்னக்கா? நாங்கள் ஏதும் பிழையா...”

“இல்லை மிஸ். அவளுக்கு இண்டைக்கு முப்பத்தாறு. நான் மட்டும்தான் நினைச்சுக்கொண்டு திரியிறன் எண்டு இருந்தன்.”

“ஆருக்கு?”

அக்கா கதவைப் பார்த்தார். யாரும் இல்லை.

“என்ர தங்கச்சிக்கு. சிவலட்சுமி எண்டது அவள். சண்டை முடியிற கடைசி நேரம் ஷெல்லடியில போயிட்டாள். எங்களிட்ட மிஞ்சின பைக்குள்ள அவளின்ர பிறப்புப் பத்திரம் மட்டும்தான் கிடந்தது. முகாமில பதிஞ்சவர் அதைப் பாத்து எழுதினார். அம்மா வாய் திறக்கேல்லை. நானும் திறக்கேல்லை.”

“ஏனக்கா?”

“பேரெண்டாலும் உயிரோட இருக்கட்டும் எண்டு அம்மா பிறகு சொன்னா. அந்தப் பேரிலதான் அடையாள அட்டை, அந்தப் பேரிலதான் வேலை. பேப்பரில செத்தது நான்.”

“வீட்டில அம்மா என்னெண்டு கூப்பிடுறவா?”

“அவவும் சிவலட்சுமி எண்டுதான்.” அக்கா ராஜினியின் கையைப் பிடித்தார். ஈரக் கை. முதல் தடவையாக ‘மிஸ்’ போய்விட்டது. “பிள்ளை, கோவையில ஒண்டும் எழுதிப்போடாதை. வேலை போனா அம்மாவை நான் என்னெண்டு பாக்கிறது?”

ராஜினி ஓடிக்கொண்டிருந்த குழாயை மூடினாள். பிறகு மெல்ல, “உங்கட பேர் என்னக்கா?” என்று கேட்டாள்.

அக்கா சொன்னார். சொல்ல முதல் கொஞ்சம் யோசித்தார்.

5.

முடிவு ஒன்று: ராஜினி சேருக்கு எழுத்தில் அறிவிக்கிறாள். சட்டப்படி அதுதான் சரி. விசாரணை வரும், வேலை போகும். எழுதுகிற கை விளங்காமல் போகட்டும். வேண்டாம்.

முடிவு இரண்டு: நல்ல சட்டத்தரணி, நல்ல நீதவான்; சொந்தப் பெயர் திரும்பக் கிடைக்கிறது, எல்லோரும் கைதட்டுகிறோம். நீங்கள் நம்பமாட்டீர்கள். அப்படியே நடந்தாலும், சிவலட்சுமி செத்துவிட்டாள் என்று அந்தத் தாய்க்கு யார் இன்னொருதரம் போய்ச் சொல்வது?

முடிவு மூன்று: ராஜினி கோவையை உள்ளே வைத்து அலுமாரியைப் பூட்டுகிறாள். இதுதான் நடந்தது. ஆனால் நெஞ்சு ஆறவில்லை. அலுமாரி பூட்டியபடி இருந்தால் ஒரு பெயருக்கு வேலை நிலைக்கும். மற்றப் பெயரை யார் பார்ப்பது?

பயப்படாதீர்கள், சிவலட்சுமி என்பது நான் வைத்த பெயர். முள்ளியவளை நான் போட்ட ஊர், உருத்திரபுரமாகவும் இருக்கலாம். தங்கச்சியின் பெயரை மாற்ற என்னால் முடிந்தது. அக்காவின் சொந்தப் பெயரை மாற்றப் பேனை வரவில்லை. ஏற்கனவே ஒருதரம் மாற்றிவிட்டார்கள். அதனால் அந்த இடத்தை வெறுமையாக விடுகிறேன்.

நாலேகால். எல்லோரும் ஒப்பமிட்டுப் போய்விட்டார்கள். மிஞ்சிய கேக்கை அம்மாவுக்கென்று சுற்றி, சைக்கிள் கூடைக்குள் வைத்து, அக்கா வாசல் படலையடிக்குப் போய்விட்டார். ராஜினி சுற்றிலும் பார்த்தாள். ஒருவரும் இல்லை.

“(                    ) அக்கா!”

அக்கா திரும்பவில்லை. பதினைந்து வருசத்துக்கு மேலாக அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. காது பழக்கம் விட்டுப்போயிருக்கும். சைக்கிளில் ஏறக் காலைத் தூக்கிவிட்டார். இரண்டாம் தரம் கூப்பிட எனக்குத் துணிவில்லை.

நீங்கள் ஒருதரம் கூப்பிடுங்கோ. கொஞ்சம் உரத்து.