குழாய்த் தண்ணீரில் ஒரு கரண்டி

கெரிட் பாஸ்மாவின் ஒன்பது வருட உழைப்பு அந்த நான்கு நீலப் பீப்பாய்களுக்குள் இருந்தது. உள்ளே மை போலக் கறுத்த நீர். அதில் கண்ணுக்குத் தெரியாத நானோ இரும்புத் துகள்கள். சும்மா விட்டால் அவை ஒன்றோடொன்று ஒட்டி, கட்டி தட்டி, அடியில் போய்ப் படுத்துவிடும். ஒட்டவிடாமல் ஒவ்வொரு துகளுக்கும் பாலிமரைப் போர்த்தியிருந்தார் கெரிட். ஆய்வுக்கூடத்தில் ஆறு வாரம் வைத்தும் ஒரு பொட்டு வண்டல் இல்லை.

மேற்கு மிச்சிகனின் அந்தச் சிற்றூரில், மூடிக் கிடந்த முலாம் ஆலையிலிருந்து கரைப்பான் கசிந்து நாற்பது வீட்டுக் கிணறுகளைக் கெடுத்திருந்தது. இரும்பு அந்த நஞ்சைத் தொட்டால் முறித்துவிடும். தொடுவதற்கு அது மண்ணுக்குள் நகர வேண்டுமே. முதல் துளையில் இறக்கியது, பத்தடி தள்ளியிருந்த இரண்டாம் துளையில் இன்று மாலைக்குள் கறுப்பாக வந்து சேராவிட்டால், மாநில ஆய்வாளர் லாரல் ஃபிஞ்ச் இந்தத் திட்டத்தையே மூடிவிடுவார். மறு வாய்ப்பு கிடையாது.

காலை எட்டு மணிக்கு, பீப்பாய்க் கறுப்பைக் கலந்து துளையில் இறக்குவதற்காகத் தெருக்குழாயிலிருந்து தொட்டி நிரம்பிக்கொண்டிருந்தது. பீப்பாயைத் திறக்கப் போனவரை, சில வாரங்களாக அவரோடு வேலை செய்துவரும், துளைபோடும் வண்டியின் சொந்தக்காரி பெர்னா கோல்க் நிறுத்தினாள். முதலில் இந்தத் தண்ணீரில் அந்தக் கறுப்பை ஒரு கரண்டி விட்டுப் பார்க்கலாமே என்றாள். எல்லாம் பார்த்தாகிவிட்டது என்று கெரிட் சற்று வெடுக்கென்றே சொன்னார்.

"எந்தத் தண்ணியில பாத்தீங்க, புரொபசரே?"

"காய்ச்சி வடிச்ச தண்ணியில. வேற எதுல பாப்பாங்க?"

"அது உங்க ஆய்வுக்கூடத்துலதான் ஓடும். இங்க குழாயில வர்றது பாதி சுண்ணாம்பு."

அவளுடைய வாயை அடைக்கவே கெரிட் ஒரு பாட்டிலில் குழாய்த் தண்ணீர் பிடித்து, மாதிரிக் குப்பியிலிருந்து ஒரு கரண்டி விட்டார். வெள்ளரி ஊறுகாய் தீர்ந்துபோன பாட்டில் அது. பத்தே நிமிடத்தில் மேலே தெளிந்த நீர், அடியில் கரித்தூள். கெரிட்டின் முகத்தில் ஈயாடவில்லை. தண்ணீரிலிருந்த சுண்ணாம்புச் சத்து பாலிமரைச் சுருட்டி, போர்வையை உருவிவிட்டிருந்தது. சோதனையில் குழப்பம் வேண்டாமென்று சுத்தமான நீரில் தொடங்குவது அவர் தொழிலில் எல்லோருக்கும் பழக்கம். அதிலேயே ஒன்பது வருடம் உட்கார்ந்துவிட்டது அவருடைய மடத்தனம்.

ஆய்வாளரை வரவேண்டாமென்று சொல்லிவிடலாம் என்று கைபேசியை எடுத்தார். பெர்னா அவரைத் தடுத்து ஒரு வழி சொன்னாள். தோண்டும் துளை சரியாமலிருக்க, துளைபோடுகிறவர்களும் தண்ணீரில் பாலிமர் கலக்கிறவர்கள்தான். அதற்கு முன்னால் சலவைச் சோடாவைக் கொட்டிச் சுண்ணாம்பை அடியில் இறக்கிவிடுவார்கள். வண்டியில் இரண்டு மூட்டை எப்போதும் இருக்கும். ஆயிரம் ஆய்வுக் கட்டுரை படித்தவருக்கு அது தோன்றவில்லை.

சோடா போட்டார்கள். வெள்ளையாய்க் கலங்கிய தொட்டி மதியத்துக்குள் தெளிந்தது. மேல் நீரை மட்டும் வேறு தொட்டிக்கு இறைத்து, மறுபடி பாட்டிலில் ஒரு கரண்டி. அரை மணி, ஒரு மணி, கறுப்பு அசையவில்லை. அதன்பிறகே பீப்பாய்கள் திறந்தன; தெளிந்த நீரில் கலந்த கறுப்பு முதல் துளைக்குள் இறங்கியது.

இரண்டு மணிக்கு வந்த ஃபிஞ்ச், நாற்காலி போட்டு இரண்டாம் துளையருகே உட்கார்ந்தார். மூன்றரைக்கு எடுத்த நீர் தெளிவு. நாலே காலுக்கும் தெளிவு. ஐந்துக்கு எடுத்த குப்பியை ஃபிஞ்ச் வெளிச்சத்தில் பிடித்தார். மறுபக்கத்து விரல் தெரியவில்லை. அத்தனை கறுப்பு.

அருமையான தயாரிப்பு என்று அவர் கெரிட்டின் கையைக் குலுக்கினார். அதோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் காலையில் நடந்தது ஆய்வாளருக்குத் தெரிந்திருக்காது.

"நான் கொண்டுவந்தபடி ஊத்தியிருந்தா எல்லாம் இந்தத் தொட்டியிலயே படுத்திருக்கும்," என்றார் கெரிட். "ஊர்த் தண்ணியில சோதிக்காதது என் தப்பு. காப்பாத்துனது பெர்னா. அறிக்கையில அப்படியே எழுதிக்குங்க."

ஃபிஞ்ச் எழுதிக்கொண்டார். கெரிட் பெர்னாவிடம் திரும்பினார். காலையில் சிடுசிடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டார். இந்த உதவியை உயிருள்ளவரை மறக்கமாட்டேன் என்றார்.

"மறக்கவேணாம்," என்றாள் பெர்னா. "அந்த நாப்பதுல அஞ்சாவது கெணறு எங்க வீட்டோடது."

இத்தனை வாரத்தில் அவர் அதைக் கேட்டதேயில்லை.