பன்னிரண்டாயிரத்துக்கு ஈடு

உயரமான ஆள் இல்லாவிட்டால் இந்த ஆண்டும் புதூர்நாடு கூடைப்பந்து அணிதான் கடைசி. கடைசியாக வரும் அணியை லீக்கிலிருந்து நீக்கிவிடுவார்கள். கேப்டன் தனசேகரன் தன் அணியின் வேடியப்பனுக்குப் பதிலாகக் கலசப்பாக்கம் அணியின் அருள்மணியைக் கேட்டான். ஆறரை அடி, சம்பளம் பன்னிரண்டாயிரம். ஆள் மாற்றினால் இருபக்கச் சம்பளமும் ஒத்துப்போக வேண்டும் என்பது லீக் விதி.

பேச மலையேறி வந்த கலசப்பாக்கம் மேனேஜர் அர்ச்சுனன் பலாச்சுளையை மென்றபடி சிரித்தார்.

"வேடியப்பனைக் குடுக்கறன்ற. அவனுக்கு ஏழாயிரம்தான். மீதி அஞ்சுக்கு இன்னா, பலாப்பழமா குடுப்ப?"

"என்னையும் எடுத்துக்கங்க. என் சம்பளம் அஞ்சாயிரம்."

அர்ச்சுனன் மெல்வதை நிறுத்தினார். "யோவ், கேப்டனே கெளம்பிட்டா எப்பிடி? வூடு இங்கதான இருக்குது?"

"வூட்ல யாரும் இல்லீங்க."

இந்த அணிக்கு முதல் சட்டைகளைத் தைத்துக் கொடுத்தவள் அவன் மனைவி கலைவாணி. தை மாதம் இறந்துபோனாள். அணியும் போக அவன் விடப்போவதில்லை.

"மொத மேட்சே புதூர்நாட்டோடதான். உன் ஆளுங்களையே ஜெயிக்கணும், ஆடுவியா?"

"முழுசா ஆடுவேங்க. அருள்மணியைத் தாண்டிப் போட முடியுமான்னு பாக்கலாம்."

அருள்மணியை ஏற்றிவரக் கிளம்பிய ஜீப்பிலேயே தனசேகரன் பையோடு ஏறிக்கொண்டான்.