நாலு இருபதுக்கு அழும் லைட்

"எதுன்னாலும் சரிங்க." சுதர்ஷினி தன் முப்பத்திரண்டு வயதுக்குள் அதிகம் சொன்ன வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். தீபாவளிக்கு எந்த நிறத்தில் பாவாடை என்று அம்மா கேட்டபோது சொன்னாள். உயர்தரத்தில் எந்தப் பிரிவு என்று பள்ளிக்கூட அதிபர் கேட்டபோது சொன்னாள். ஹட்டனில் பைஸர் நானாவின் கம்ப்யூட்டர் கடைக்கு வேலைக்கு வந்த முதல் நாள், பிரின்ட் எடுக்கிற மேசையா, ரிப்பேர் மேசையா என்று அவர் கேட்டபோதும் அதையேதான் சொன்னாள். அன்றைக்கு ரிப்பேர் பார்க்கிறவர் வரவில்லை. அந்த மேசை அவளுக்கு வந்தது. பத்து வருடமாக அங்கேயே இருக்கிறாள்.

புதுக் கம்ப்யூட்டர் கேட்டு வருகிறவர்களுக்கு அவள் மூன்று லிஸ்ட் எழுதிக் கொடுப்பாள். குறைந்தது ஒன்று, நடுத்தரம் ஒன்று, கூடியது ஒன்று. வந்தவர் எதையாவது தொட்டுக் காட்டுவார். பிறகு ஏதாவது சரியில்லாமல் போனாலும் தேர்ந்தெடுத்தது அவர்தானே. அந்த மூன்று காகிதங்களுக்குப் பின்னால் தான் ஒளிந்துகொண்டிருப்பது யாருக்கும் தெரியாது என்றே நினைத்திருந்தாள், ஜெயந்தினி கடைக்கு வரும்வரை.

ஜெயந்தினி கண்டியில் பிறந்து வளர்ந்தவர். மூன்று வருடத்துக்கு முன் பொகவந்தலாவைக்கு மேலே ஒரு பழைய துரை பங்களாவை வாங்கி, வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிற விடுதியாக்கியிருந்தார். கோல்ஃப் பைத்தியம். குடையைக்கூட கோல்ஃப் மட்டை மாதிரி தோளில் சாய்த்துக்கொண்டுதான் உள்ளே வந்தார்.

"நுவரெலியா மைதானத்துக்குப் போக ரெண்டரை மணித்தியாலம். போய் எறங்குனா மழை. மழை விட்டா பனி. அடிச்ச பந்து எங்க போச்சுன்னு கடவுளுக்குத்தான் தெரியும். அதான் மைதானத்தையே வீட்டுக்குள்ள கொண்டு வரப் போறேன்."

பங்களாவின் சாப்பாட்டு ஹாலில் ஒரு சுவர் முழுக்கத் திரை. பந்தை உண்மையாகவே அடிக்க வேண்டும். தரையில் வைத்திருக்கும் சின்னக் கருவி ஒன்று பந்தின் வேகத்தையும் சுழற்சியையும் அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லும். நிஜப் பந்து திரையில் மோதிக் கீழே விழுந்துவிட, படத்துப் பந்து ஸ்கொட்லாந்துப் புல்வெளியில் பறந்துகொண்டே போகும். திரையையும் கருவியையும் லண்டனில் இருக்கும் அவருடைய தம்பி அனுப்பிவிட்டான். கம்ப்யூட்டரும் ப்ரொஜெக்டரும் இனித்தான்.

சுதர்ஷினி வழக்கம்போல மூன்று தாள்களை எடுத்தாள்.

"எதுக்கு மூணு?"

"மேடம் பார்த்து, எது வேணும்னு..."

"எது வேணும்னு எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் இந்த மழையில ஹட்டனுக்கு வாறேன்? ஒரே ஒரு லிஸ்ட் போடுங்க. உங்க வீட்டுக்கு வாங்குற மாதிரி. அடுத்த சனிக்கிழமை என் சிநேகிதிங்க நாலு பேர் விளையாட வாறாங்க. அவளுங்க முன்னால என் மானம் போச்சுன்னா உங்களத்தான் புடிப்பேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சுதர்ஷினி இரண்டு தாள்களை மடித்துத் திரும்ப உள்ளே வைத்தாள்.

பைஸர் நானா அன்று கொழும்பில் இருந்தார். போனில் விஷயத்தைக் கேட்டதும் அவரும் சிரித்தார்.

"மூணு குடுத்தா பழி அவங்களுக்கு. ஒண்டு குடுத்தா பழி ஒங்களுக்கு. பாத்து செய்ங்க தங்கச்சி. சாமான் திரும்பி வந்திச்செண்டா நீங்க பிரின்ட் மேசைக்கு."

"நல்லா ஓடிச்சுன்னா, நானா?"

இதைக் கேட்டது தான்தானா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. மறுமுனையில் நானா மறுபடி சிரித்தார்.

"ஓடிச்செண்டா இனி பெரிய ஓடர் எல்லாம் ஒங்கட கையாலதான். போட்டுப் பாருங்களே."

மூன்று சாயங்காலம் அவள் அந்த ஒரு லிஸ்ட்டோடு வாழ்ந்தாள். வாடகை அறையில் சோறு வேகும்போதும் தலைக்குள் பெட்டிகள் மாறி மாறி அடுக்கப்பட்டன. லண்டன் தம்பி, இருப்பதிலேயே விலை கூடிய கிராபிக்ஸ் கார்டைப் போடச் சொல்லியிருந்தான். அது எதற்கு என்று யோசித்தாள். இந்த வேலைக்கு வாங்குகிற ப்ரொஜெக்டர்கள் காட்டக்கூடிய நுணுக்கம் ஓரளவுதான். அதற்கு மேல் கார்ட் எவ்வளவு வரைந்தாலும் திரைக்கு வந்து சேராது. கார்டில் மிஞ்சும் காசை ப்ரொஜெக்டரில் போடலாம். சாதாரண ப்ரொஜெக்டர் என்றால் அடிக்கிறவர் முதுகுக்குப் பின்னால் நிற்கும், அவர் நிழலே ஸ்கொட்லாந்து முழுக்க விழும். பக்கத்தில் இருந்தே பெரிதாகக் காட்டுகிற வகைதான் சரி. நடுத்தரக் கார்ட், பதினாறுக்குப் பதில் முப்பத்திரண்டு ஜிபி ராம், பெட்டியைத் தரையில் வைக்காமல் மேசை மேல் வைக்க வேண்டும், அந்த ஊர் ஈரம் தரையில்தான் முதலில் ஏறும். ஒவ்வொரு வரியாக முடிவு செய்யச் செய்ய, இத்தனை நாளும் தனக்கு எல்லாமே தெரிந்துதான் இருந்தது என்பது அவளுக்குத் தெரிய வந்தது. யாராவது கேட்டால் மட்டும்தான் மறந்து போகும் போலிருக்கிறது.

லிஸ்ட்டின் கடைசி வரியில் யூபிஎஸ் என்று எழுதினாள். பட்டரியும் உள்ளே வைத்து, கரண்ட் ஏறி இறங்கினாலும் கம்ப்யூட்டருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்கிற பெட்டி. எழுதிவிட்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிக்கோயாவுக்கு அந்தப் பக்கம், அவள் பிறந்த லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், தேயிலை ஃபெக்டரிக்குக் கீழே இருந்தது. சாயங்காலம் கொழுந்து நிறுத்து உள்ளே போனதும், அதை வாட்டுகிற பெரிய காத்தாடிகளை ஒவ்வொன்றாகப் போடுவார்கள். ஒவ்வொரு காத்தாடியும் கரண்ட்டை இழுத்துக்கொண்டு சுழலத் தொடங்கும்போதும் லயத்து பல்புகள் சிவந்து, சுருங்கி, மறுபடி நிமிரும். அதற்கு லைட் அழுவது என்று பேர். "லைட்டு அழுவுது, டீவிய நிறுத்துடி" என்று அம்மா ராசம்மா கத்துவாள். அந்த நேரத்தில் ஒரு வீட்டிலும் கிரைண்டர் போடமாட்டார்கள்.

இது லயத்துப் பயம். பங்களாவில் எங்கே லைட் அழப் போகிறது? எழுதிக் கொடுத்தால் ஜெயந்தினி சிரிக்கப் போகிறார், எங்கிருந்து வந்தவள் என்று தெரிந்துவிடும். சுதர்ஷினி அந்த வரியைப் பென்சிலால் வெட்டினாள். பிறகு யூபிஎஸ் இல்லாத லிஸ்ட்டைப் புதுத் தாளில் அழகாக எழுதினாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கடை வேனில் சாமான்களோடு பங்களாவுக்குப் போனாள். மூன்று மணிக்கு எல்லாவற்றையும் பொருத்திப் பூட்டியாயிற்று. சுவரில் ஸ்கொட்லாந்து விரிந்தது. ஜெயந்தினி முதல் பந்தை அடித்துவிட்டு, "அய்யோ, நிழலே விழல!" என்று குழந்தை மாதிரி குதித்தார். சுதர்ஷினிக்கு உள்ளங்கால் வரை இனித்தது.

தேத்தண்ணி வந்தது. "இன்னும் கொஞ்ச நேரத்துல துரை வருவாரு, பாருங்க" என்றார் ஜெயந்தினி.

"எந்தத் துரை, மேடம்?"

"செத்துப்போன வெள்ளைக்காரத் துரை. இந்த பங்களாவக் கட்டினவரு. தெனமும் நாலு இருபதுக்கு ஹாலுக்குள்ள நடப்பாரு. அவரு வந்தா லைட் எல்லாம் மங்கும். என் விருந்தாளிங்க அதுக்குன்னே கேமராவோட காத்திருப்பாங்க. அந்தா, வந்துட்டாரு!"

சுதர்ஷினி துரையைப் பார்க்கவில்லை. அந்த நொடியில் சுவரில் இருந்த ஸ்கொட்லாந்து காணாமல் போனதைத்தான் பார்த்தாள். கம்ப்யூட்டர் செத்து, தானாகவே மறுபடி உயிர் பெற்று, முதல் பக்கத்தில் வந்து நின்றது.

பெட்டியைத் திறந்தாள். ராமைக் கழற்றிப் போட்டாள். கார்டை அழுத்திப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தன. ஓடியது. பத்து நிமிடம் கழித்து மறுபடி அதே மாதிரி.  தம்பி சொன்னபடி விலை கூடியதையே போட்டிருக்கலாம். மூன்று லிஸ்ட் கொடுத்திருக்கலாம். இனி பிரின்ட் மேசைதான்: நாள் முழுக்க அடையாள அட்டை பிரதி, இரண்டு பக்கமும் ஒரே தாளில்.

"துரைக்கு கோல்ஃப் பிடிக்கல போல" என்றார் ஜெயந்தினி. "இந்தா, மூணாவது தடவையும் வாறாரே!"

இந்த முறை சுதர்ஷினி நிமிர்ந்து பார்த்தாள். கூரையிலிருந்து தொங்கிய பழைய கண்ணாடிக் கூட்டுக்குள் பல்பு சிவந்தது. சுருங்கியது. மூச்சை இழுத்துக்கொண்டு நிமிர்ந்தது.

அந்த அழுகையை அவளுக்கு எங்கே பார்த்தாலும் தெரியும்.

ஜன்னலண்டை போனாள். கீழே ஃபெக்டரி. அதன் பக்கத்தில் ட்ரான்ஸ்போமர். அங்கிருந்து ஒரே கம்பத்துக்கு வந்து, ஒரு கம்பி மேலே பங்களாவுக்கும் ஒரு கம்பி கீழே அந்தத் தோட்டத்து லயத்துக்கும் போனது.

கரண்ட்டின் மேல் பழி போட்டுவிட்டு வந்துவிடலாம். யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் அவள் கைப்பைக்குள் அந்தப் பழைய தாள் இருந்தது. எடுத்து ஜெயந்தினியிடம் நீட்டினாள்.

"இது நான் முதல்ல எழுதுன லிஸ்ட், மேடம். கடைசி வரியில யூபிஎஸ் இருக்கு. நானே வெட்டிட்டேன்."

"ஏன் வெட்டினீங்க?"

"லயத்துலதான் லைட் அழும்னு நெனச்சேன். பங்களாவுல அழாதுன்னு." சொல்லும்போது காது சூடேறியது. "உங்க துரை... அது ஃபெக்டரிக் காத்தாடிங்க. நாலு இருபதுக்குத்தான் கொழுந்து உள்ள போகும். ஒன்னொன்னாப் போடுவாங்க."

ஜெயந்தினி தாளைப் பார்த்தார். பல்பைப் பார்த்தார். கீழே ஃபெக்டரியைப் பார்த்தார்.

"அடிப்பாவி" என்றார் மெதுவாக. "மூணு வருஷமா அந்தக் காத்தாடிக்குக் கதை சொல்லிட்டு இருக்கேன். ஒரு ஜெர்மன்காரி அதுக்கு ஊதுபத்தி கொளுத்திக் கும்பிட்டுட்டுப் போனா!"

சொல்லி முடிக்க முடியவில்லை. நாற்காலியில் சரிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு நிற்கும்போதெல்லாம் "ஊதுபத்தி" என்று தானே சொல்லிக்கொண்டு மறுபடி தொடங்கினார். சுதர்ஷினியும் சிரித்தாள். கண்ணில் முட்டிக்கொண்டிருந்த தண்ணீர் அந்தச் சாக்கில் வெளியே வந்தது.

"நாளைக்கு ரெண்டு மணிக்குள்ள கொண்டு வந்து பூட்டிருவேன், அக்கா. கம்ப்யூட்டர்ல ஒன்னும் மாத்தத் தேவையில்ல. நான் போட்டது சரிதான்." கடைசி வாக்கியத்தை வேறு யாரோ சொன்னது போலிருந்தது. மேடம் எப்போது அக்காவானார் என்பதும் தெரியவில்லை.

சனிக்கிழமை வேன் வேறு பக்கம் போய்விட்டது. பன்னிரண்டு கிலோ யூபிஎஸ்ஸை மடியில் வைத்துக்கொண்டு பொகவந்தலாவை பஸ்ஸில் போனாள். ஒவ்வொரு வளைவிலும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, பட்டரிக்கும் டிக்கெட் எடுங்க" என்றார் கண்டக்டர்.

"இது வெறும் பட்டரி இல்ல."

"அப்ப புள்ளையா? புள்ளைக்கு அரை டிக்கெட்."

முன் சீட்டில் இருந்த கிழவர் திரும்பிப் பார்த்து, "புள்ள அப்பன் சாடை போல" என்றார். பஸ்ஸே சிரித்தது. சுதர்ஷினிக்குக் கோபம் வரவில்லை. பிள்ளை மடியில் பத்திரமாக இருந்தது.

நாலு பத்துக்கு ஹாலில் ஐந்து பெண்களும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். துரையின் கதை அதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மட்டையைப் பிடித்து நின்றவர் ரம்லா, ஹட்டனில் பல் வைத்தியர்.

"சரியா துரை வாற நேரம் பாத்து அடிக்கணும்" என்றார் ஜெயந்தினி. "படம் போயிருச்சுன்னா சுதர்ஷினி தோத்தா. நின்னுச்சுன்னா துரை தோத்தாரு."

சுதர்ஷினி மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். பெட்டியின் மேல் கை வைத்திருந்தாள், காய்ச்சல் பார்க்கிற மாதிரி. நாலு பத்தொன்பது. நாலு இருபது. கீழே எங்கோ ஒரு முனகல் எழுந்தது.

பல்பு அழுதது. யூபிஎஸ் "பீப்" என்றது. ரம்லா அடித்தார்.

ஸ்கொட்லாந்து அப்படியே இருந்தது. பந்து வெள்ளைப் புள்ளியாக மேலே ஏறி, இரண்டு மணல் குழிகளைத் தாண்டி, கொடிக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. ஹாலே கூச்சல் போட்டது. ஜெயந்தினி சுதர்ஷினியைக் கட்டிப்பிடித்துத் தூக்கியே விட்டார்.

"அடிப் பாவிகளா!" என்று ரம்லா கத்தினார். "என்ட வாழ்க்கையிலயே நல்ல அடி! எல்லாரும் பல்பையே பாத்துட்டு நிக்கிறீங்க!"

அதற்குள் சுதர்ஷினி போட்ட போனை பைஸர் நானா எடுத்துவிட்டார். "என்ன தங்கச்சி, பிரின்ட் மேசையா?"

"இல்ல, நானா. பெரிய ஓடர் மேசை."

"சத்தத்திலேயே வெளங்கிச்சி" என்றார் அவர்.

போவதற்கு முன் அவளும் ஒரு பந்து அடித்தே ஆக வேண்டும் என்று ஐந்து பேரும் பிடித்துக்கொண்டார்கள். ஜெயந்தினி பையைத் திறந்து காட்டினார். "எந்த மட்டை வேணும்?"

"எதுன்னா..." என்று வாய் தொடங்கியது. சுதர்ஷினி அதை மூடினாள். பைக்குள் பார்த்தாள். "அந்தப் பெருசு" என்றாள்.

பந்து நேராகப் பறந்து நேராக ஏரியில் விழுந்தது. திரையில் தண்ணீர் தெறித்தது எவ்வளவு துல்லியமாக இருந்தது! நடுத்தரக் கார்டே போதும் என்று தான் எழுதியதை நினைத்து மறுபடி ஒருமுறை மகிழ்ந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, ஒன்னு சொல்லட்டுமா? பங்களாவுலயும் லைட் அழுவுது."

"என்னாது?"

"துரை பங்களாவுல. நம்ம லயத்துல மாதிரியே. காத்தாடி போட்டவுடன பல்பு செவந்து, சுருங்கி... என் கண்ணால பார்த்தேன்."

  "இத்தன வருஷமாவா?" என்றாள் அம்மா.

"கம்பி இழுத்த நாள்ல இருந்தே அழுதிருக்கும், அம்மா."

அம்மா சிரிக்கத் தொடங்கினாள். முதலில் மூக்கால், பிறகு முழுசாக. போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குக் கூப்பிடுவது கேட்டது.

"ஏய், நாகலெட்சுமி! பங்களாவுலயும் லைட்டு அழுவுதாம்டி!"

"எங்க?"

"தொர பங்களாவுலடி!"

ஒரு கதவு திறந்தது. இன்னொரு கதவு. யாரோ திருப்பிக் கேட்டார்கள், யாரோ திருப்பிச் சொன்னார்கள். வீடு வீடாக அது லயத்தின் கடைசி வரை போவதை, வளைவுகளில் சாய்ந்து நிமிரும் பஸ்ஸில் இருந்தபடி சுதர்ஷினி கேட்டுக்கொண்டே போனாள்.